சொல்லுதேன், சொல்றேன்

கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் 'சொல்லுதேன்', 'பண்ணுதேன்', 'எழுதுதான்' என்றுதான் பேசுவார்கள். வடக்கே போகப் போக அது 'சொல்றேன்', 'பண்றேன்', 'எழுதறான்' ஆகிவிடும். 'படிக்கிறேன்' இங்கே 'படிக்கேன்'. 'நிற்கிறான்' இங்கே 'நிக்கான்'. நாக்குச் சோம்பலால் வந்ததல்ல இது. எந்த வினைக்குத் தகரம் வரும், எந்த வினையில் றகரம் அடியோடு உதிரும் என்பதில் ஐந்து வயதுப் பிள்ளைகூடப் பிசகுவதில்லை. 'வாரேன்', 'போறேன்' போன்ற சில வினைகள் மட்டும் தனி வழியில் போகும். அதையும் அந்தப் பிள்ளை அறியும். ஒரு சீரான இலக்கணம் அந்தச் சின்னத் தலைக்குள் இருக்கிறது. யாரும் புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

செங்கோட்டையிலிருந்து சென்னை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் மாலையில் கடையநல்லூரில் நிற்கும். அதில் ஏறும் இளைஞர்களின் கைப்பேசிப் பேச்சைக் கவனித்திருக்கிறேன். முதலில் அம்மா: "ஏறிட்டேம்மா. சோத்தப் பொறவு திங்கேன். நீ மாத்திரையப் போட்டுட்டு உறங்கு." கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு: "சொல்லுங்க சார். காலைல வந்ததும் அனுப்பிடறேன் சார்." அடுத்து, சென்னையில் அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பன்: "மச்சான், சாவிய வச்சிட்டுப் போடா, நான் வந்து எடுத்துக்கறேன்." வண்டி சங்கரன்கோவிலைத் தொடுவதற்குள் ஒரே வாயிலிருந்து மூன்று தமிழ். 'திங்கேன்' என்ற அதே ஆள் இரண்டு நிமிடத்தில் 'அனுப்பிடறேன்' என்கிறான்; இடையில் யோசித்ததாகத் தெரியவில்லை.

அம்மாவிடம் பேசியதுதான் அவனுடைய உண்மையான பேச்சு, மற்றதெல்லாம் வேஷம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரை மறந்துவிட்டான், பட்டணத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டது என்று பெரியவர்கள் வருத்தப்படுவதும் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் நடந்த ஆய்வுகள் வேறு ஒன்றைச் சொல்கின்றன. மூன்றும் அவன் பேச்சுதான். ஒருவரிடம் பேச வாயெடுக்கும்போதே அவரோடு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும், எந்தக் கூட்டத்தில் ஒருவனாக எண்ணப்பட வேண்டும் என்ற கணக்கு மனத்துக்குள் ஓடிவிடுகிறது. குரல் அதன்படி அமைகிறது.

இந்தக் கணக்கை முதலில் கோட்பாடாக எழுதியவர் ஹவர்ட் ஜைல்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூக உளவியலாளர். 1973இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, பேசுபவரின் உச்சரிப்பு எதிரில் இருப்பவரைப் பொறுத்து நகர்கிறது என்று காட்டியது. நெருங்க விரும்பினால் நம் வேகம், அழுத்தம், சொற்கள், பேச்சுக்கு நடுவில் விடும் இடைவெளி எல்லாமே எதிராளியின் பக்கம் சாய்கின்றன. தள்ளி நிற்க விரும்பினால் எதிர்ப்பக்கம் விலகுகின்றன. ஒத்துப்போவது, விலகி நிற்பது என்ற இந்த இரண்டு அசைவுகளையும் வைத்து ஒரு பெரிய ஆய்வுத்துறையே பிறகு வளர்ந்தது.

ஒத்துப்போவது பெரும்பாலும் நாம் அறியாமலே நடக்கிறது. காதில் ஒரு குரலைக் கேட்டு உடனே அதே சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், நம் ஒலிப்பு அந்தக் குரலின் பக்கம் சற்று நகர்ந்துவிடுவதை 1990களில் ஸ்டீபன் கோல்டிங்கர் சோதனைச்சாலையில் காட்டினார். இரண்டு பேரை உட்காரவைத்து, ஒருவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல மற்றவர் கோடு போட வேண்டும் என்று வேலை கொடுத்த ஜெனிஃபர் பார்டோ, முடிவில் இருவரின் உச்சரிப்பும் தொடக்கத்தைவிட ஒன்றுக்கொன்று அருகில் வந்திருந்ததை 2006இல் வெளியிட்டார். அரண்மனைக்குள்கூட இது நுழைந்திருக்கிறது. இரண்டாம் எலிசபெத் அரசி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஆற்றிய வானொலி, தொலைக்காட்சி உரைகளை ஜோனதன் ஹாரிங்டனும் உடனிருந்தவர்களும் அளந்து பார்த்தார்கள். 1950களுக்கும் 1980களுக்கும் இடையில் அரசியின் உயிரொலிகள், தென் இங்கிலாந்தில் இளையவர்கள் பேசும் சாதாரண ஆங்கிலத்தை நோக்கி நகர்ந்திருந்தன. 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. நாட்டிலேயே மிக உயர்ந்த ஆங்கிலத்துக்கு உரியவரென்று கருதப்பட்டவரும் தம்மைச் சுற்றியிருந்த குரல்களின் பக்கம் நகர்ந்திருக்கிறார்.

இதன் வேர் தொட்டில் வரை போகிறது. கேத்தரின் கின்ஸ்லர், எமானுவல் டுப்பூ, எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாறு மாதக் குழந்தைகள் தம் வீட்டு உச்சரிப்பில் பேசிய முகத்தையே அதிக நேரம் பார்த்தன. பத்து மாதக் குழந்தைகள் தம் மொழி பேசியவர் நீட்டிய பொம்மையை வாங்க முனைந்தன. ஐந்து வயதுப் பிள்ளைகள் நண்பராக யாரைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டபோது தம்மைப் போல் பேசியவரைக் காட்டின. நம்மவர் யார் என்று பிரித்தறியும் வேலையைப் பேச்சு அவ்வளவு சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அப்படியிருக்க, புதிய ஊருக்குப் போகிறவர் முதலில் பேச்சைச் சரிசெய்துகொள்வதில் வியப்பில்லை.

எது முதலில் மாறும், எது கடைசிவரை மாறாமல் நிற்கும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கனடாவிலிருந்து இங்கிலாந்தின் தென்பகுதிக்குக் குடிபெயர்ந்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகளை ஜாக் சேம்பர்ஸ் ஆராய்ந்து 1992இல் எழுதினார். பொருள்களின் பெயர்களைப் பிள்ளைகள் வேகமாக மாற்றிக்கொண்டார்கள். உச்சரிப்பு அதைவிட மெதுவாகவே வந்தது. எளிய ஒலி விதிகள் சீக்கிரம் படிந்தன. சிக்கலானவை சிறு வயதிலேயே வந்த பிள்ளைக்குத்தான் கைவந்தன. ஏழு வயதுக்குள் வந்துவிட்டால் புது வட்டார வழக்கு ஏறத்தாழ முழுமையாகப் படியும், பதினாலுக்கு மேல் வந்தால் ஏறத்தாழ படியாது, இடைப்பட்ட வயதில் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அவர் கண்ட முடிவு.

தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகிறவர்களிடமும் இந்த வரிசையைக் கேட்கலாம். முதல் மாதத்திலேயே சொற்கள் கழன்றுவிடும். 'சாரம்' என்று கேட்டால் கடையில் விழிப்பார்கள் என்பதால் 'லுங்கி' வரும். டீக்கடையில் 'சீனி கம்மியா' என்பது 'சர்க்கரை கம்மியா' ஆகும். 'உறங்குதான்' போய் 'தூங்கறான்'. 'பைய வா' போய் 'மெதுவா வா'. சொற்களுக்கு அடுத்ததாக வினைமுற்றுகள்: தகரம் றகரமாகிறது, 'வந்தாவ' என்ற மரியாதை 'வந்தாங்க' ஆகிறது. கடைசிவரை போகாதது ராகம். கேள்வியின் முடிவில் குரல் ஏறி வளைகிற விதம், 'அப்பிடியா' என்பதில் நடு அசையை இழுக்கிற விதம் பத்தாண்டு சென்னையில் இருந்தவரிடமும் நிற்கும். 'அண்ணாச்சிக்கு எந்தப் பக்கம், திருநெல்வேலியா?' என்று யாராவது கேட்பது அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டுதான். சொல் நம் பிடியில் இருக்கிறது. இசை அவ்வளவு எளிதாகப் பிடிபடுவதில்லை.

தமிழர்களுக்கு இந்த மாற்றம் மற்ற பலரைவிடப் பழகிப்போன ஒன்று. எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெவ்வேறாக இருப்பதால், பள்ளிக்குப் போன ஒவ்வொருவரும் தம் மொழிக்குள்ளேயே இருமொழியாளர்தான். இப்படி ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் நிலையை சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் வரையறுத்தார். அந்தக் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தி பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் ஒரு நூலே எழுதினார். மேடையில் பேசுகிறவரைக் கவனியுங்கள். வணக்கம் சொல்லும்போது முழுச் செந்தமிழ். கூட்டத்தைச் சிரிக்கவைக்க ஒரு கதை சொல்லும்போது ஊர்த்தமிழ். முடிவுரைக்கு மீண்டும் செந்தமிழ். யாருக்கும் அது வினோதமாகத் தெரிவதில்லை. கேட்பவரும் பேசுபவரும் சேர்ந்தே அந்த ஏற்ற இறக்கத்தை அனுபவிக்கிறார்கள்.

பேச்சுத் தமிழுக்குள்ளும் சாதிக்கொரு வழக்கு இருந்தது, இருக்கிறது. வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் 1960களில் இதை ஆராய்ந்தார்கள். கடன்சொல் போன்ற கவனித்துச் செய்யும் மாற்றங்கள் படித்த மேல்சாதியினரிடம் கூடுதலாகவும், ஒலித் தேய்வு போன்ற கவனிக்காமல் நடக்கும் மாற்றங்கள் மற்றவர்களிடம் கூடுதலாகவும் இருப்பதாக அவர்கள் கருதினார்கள். பேருந்து, ஆலை, கல்லூரி விடுதி, வானொலி, சினிமா எல்லாம் சேர்ந்து சாதி கடந்த ஒரு பொதுப் பேச்சை உண்டாக்கின. விடுதி அறையில் சாதி தெரியக்கூடாது என்று விரும்பிய மாணவருக்கு அந்தப் பொதுப் பேச்சு பாதுகாப்பும் கொடுத்தது. வட்டார வழக்கு தேய்வதைப் பற்றிப் பேசும்போது இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் யார் யாரை நோக்கி வளைகிறார்கள் என்று பார்த்தால் சமூகத்தின் மேடுபள்ளம் அப்படியே தெரிந்துவிடும். லேரி கிங் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணலாளரின் நிகழ்ச்சிகளை ஸ்டான்ஃபோர்டு கிரெகரி, ஸ்டீபன் வெப்ஸ்டர் இருவரும் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். காதுக்குத் தனியாகப் பிடிபடாத, குரலின் மிகத் தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் பிரித்து அளந்தார்கள். அந்தஸ்தில் உயர்ந்த விருந்தினர் வந்தபோது லேரி கிங்கின் குரல் அவர்கள் பக்கம் சாய்ந்தது. அந்தஸ்தில் குறைந்தவர் வந்தபோது அவர்களின் குரல் லேரி கிங்கின் பக்கம் சாய்ந்தது. கார்டிஃப் நகரப் பயண முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த பெண்ணின் பேச்சை நிக்கோலஸ் கூப்லண்ட் பதிவுசெய்து 1984இல் வெளியிட்ட ஆய்வும் இதே வழியில்தான் முடிந்தது. வாடிக்கையாளரின் வர்க்கம் மாற மாற அவர் உச்சரிப்பும் அவர்களையொட்டி மாறியது.

நம் ஊரில் இது எப்படி? கடையநல்லூர் மாணவர் சென்னைக்குப் போனால் சென்னைப் பேச்சைப் பழகுகிறார். சென்னையிலிருந்து தென்காசிக்கு மாற்றலாகி வரும் அதிகாரி 'சொல்லுதேன்' என்று பேசத் தொடங்குவதை நான் கேட்டதில்லை. வகுப்பறையில் 'படிக்கேன்' என்ற பிள்ளையை எழுப்பி நிறுத்தி, மற்றப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கத் திருத்தும் ஆசிரியர்கள் உண்டு. எழுத்துத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் கடமை. அதற்காக வீட்டுத் தமிழைப் பிழை என்று சொல்வது அறிவியலுக்கு ஒவ்வாதது, பிள்ளைக்குக் கொடியது. திருத்தப்பட்ட பிள்ளை அந்த வாக்கியத்தை மாற்றிக்கொள்வதைவிட வகுப்பில் வாய்திறப்பதையே குறைத்துக்கொள்கிறது. எந்தச் சூழலில் எந்தத் தமிழ் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். அந்த வித்தையில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

அளவுக்கு மீறி ஒத்துப்போனாலும் உறவு கெடும். முதியோர் இல்லங்களில் பணியாளர்கள் வயதானவர்களிடம் குழந்தைக்குக் கொஞ்சுவது போன்ற குரலில் பேசுவதை லிண்டா கேப்பொரேல் 1981இல் ஆராய்ந்தார். அன்பால் வரும் பேச்சுதான். ஆனாலும், தெளிவாக இருக்கும் ஒரு பெரியவருக்கு அது அவமதிப்பாகப் படக்கூடும். திருநெல்வேலிப் பக்கம் வரும் வெளியூர்க்காரர் பலர் சினிமாவில் கேட்ட 'ஏலே'வை எடுத்தவுடன் வீசுகிறார்கள். இங்கே 'லே' என்பதற்கு வரம்பு உண்டு. வயதில் சின்னவனிடமும், ஒத்த வயது நெருங்கிய நண்பனிடமும் மட்டும்தான் அது செல்லும். சம வயதுப் பெரியவர்களுக்குள் 'வே', மூத்தவருக்கு 'அண்ணாச்சி', பெண்பிள்ளைகளுக்கு 'ஏட்டி', 'ஏளா'. இந்தப் படிக்கட்டு தெரியாமல் முன்பின் தெரியாத ஆட்டோக்காரரை 'ஏலே' என்று அழைப்பவர், தாம் ஒட்டி உறவாடுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். கேட்பவருக்கு அது அடி.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் இந்த வித்தைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றும் தூறலும் வரும். அதே கணவாய் வழியே கேரளத்திலிருந்து கார்களும் வரும். மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கும் கடைக்காரர் வண்டியின் எண்பலகையைப் பார்த்தே மொழியைத் தேர்ந்துகொள்கிறார். கேரள வண்டிக்கு மலையாளம். மதுரைக்காரர் குடும்பத்துக்கு 'வாங்கண்ணே'. சென்னைக்காரருக்கு 'சார், மேடம்'. பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பி, "வே, சில்லறை இருக்கா? இந்தா தாரேன்." கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் அருவியில் குளிக்க வரும்போது இன்னொரு மாற்றம். கடைக்காரர் எந்த மதத்தவரானாலும், வாங்க வந்தவர் பத்து வயதுப் பையனானாலும், எல்லாரும் 'சாமி'. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி அரசின் கீழ் இருந்தது என்பதையும் நினைவில் வைத்தால், இரண்டு மொழிகளுக்கு நடுவில் வாழ்வது இங்கே சுற்றுலாவோடு வந்த புதுப் பழக்கம் இல்லை என்று புரியும்.

வெளியூர்க் கூட்டம் இப்படி ஆண்டுதோறும் வந்து நிறைந்தால் உள்ளூர்ப் பேச்சு கரைந்துவிடாதா? இதே கேள்வியோடு வில்லியம் லபோவ் 1961இல் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியர்டு தீவுக்குப் போனார். நிலையாக வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 5,500 பேர். கோடையில் வந்து குவிந்தவர்கள் 40,000 பேருக்கும் மேல். வீடுகளும் கடற்கரையும் வந்தவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. தீவுக்காரர்களின் பேச்சு பெருநிலத்துப் பேச்சாக மாறியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். லபோவ் கேட்டது நேர் எதிரானது. 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் வரும் ஐ, ஔ ஒலிகளை வாயை முழுக்கத் திறக்காமல் நடுவாயில் தொடங்கி ஒலிக்கும் பழைய வழக்கம், முப்பது முதல் நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்தவர்களிடம், அதிலும் சில்மார்க் பகுதி மீனவர்களிடம், மிக ஓங்கியிருந்தது. தீவை விட்டுப் போக விரும்பிய இளைஞர்களிடம் அது மிகக் குறைவு. வெளியே போய்ப் படித்துவிட்டு, இங்கேதான் வாழ்வேன் என்று திரும்பிவந்தவர்களிடம் மிகுதியாக இருந்தது. அவர்கள் யாரும் உயிரொலியைப் பற்றி யோசித்ததில்லை. இது எங்கள் ஊர் என்ற எண்ணம் அவர்கள் நாக்கில் படிந்திருந்தது. 1963இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில்தான் சமூக மொழியியலின் இன்றைய வடிவம் தொடங்குகிறது.

விலகி நிற்பதும் சேர்ந்திருப்பதன் இன்னொரு வழி என்பதை ஜைல்ஸும் ரிச்சர்ட் பூரியும் வேல்ஸில் காட்டினார்கள். வெல்ஷ் மொழி கற்றுக்கொண்டிருந்த பெரியவர்களிடம், உயர்குடி ஆங்கில உச்சரிப்பில் ஒரு குரல் கேள்விகள் கேட்டது. எதிர்காலமே இல்லாத, செத்துக்கொண்டிருக்கும் ஒரு மொழியை எதற்காகக் கற்கிறீர்கள் என்ற பொருளில் ஒரு கேள்வி. அதுவரை இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தவர்களின் ஆங்கிலத்தில் வெல்ஷ் உச்சரிப்பு சட்டென்று கனத்தது. சிலர் பதிலுக்குள் வெல்ஷ் சொற்களைக் கலந்தார்கள். ஒரு பெண் சற்று நேரம் பதிலே சொல்லாமலிருந்து, பிறகு ஒலிவாங்கியில் வெல்ஷ் வினைச்சொற்களை மெல்ல மெல்ல அடுக்கிச் சொன்னாராம். 1977இல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குச் சென்னை விடுதிகளில் நடப்பதுதான் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்யும் கூட்டத்துக்கு நடுவே, இரண்டு தென்காசிப் பையன்கள் வேண்டுமென்றே குரலை உயர்த்தி 'என்னலே செய்யுத?' என்று பேசிக்கொள்வார்கள்.

2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90,000 பேர் வாழ்ந்த கடையநல்லூரில் முஸ்லிம்கள் பெருந்தொகை. நெசவு அவர்களில் பலருக்குப் பரம்பரைத் தொழில். தமிழ் முஸ்லிம்களின் வீட்டுப் பேச்சுக்குத் தனிச் சொற்கள் உண்டு. குழம்பு அங்கே 'ஆணம்'. காலை உணவு உண்பது 'பசியாறுதல்'. இறப்பு 'மவுத்து'. அதே சமயம் வழிபாட்டுக்குத் 'தொழுகை', உபவாசத்துக்கு 'நோன்பு', வழிபாட்டு இடத்துக்குப் 'பள்ளிவாசல்' என்று தமிழையே வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். வெளியே கடைத்தெருவில் பேசும்போது 'ஆணம்' குழம்பாகிவிடும். இதில் ஒருபக்க வளைவு மட்டும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. துக்கம் விசாரிக்க வரும் இந்து நண்பர், "மவுத்து எப்பம் ஆச்சு? எப்பம் எடுக்காவ?" என்று கேட்பார். அந்த வீட்டின் சொல்லை அந்த வீட்டு வாசலில் எடுத்துக்கொள்வது மரியாதை என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அதிகாரத்துக்கு வளைவதிலிருந்து இது முற்றிலும் வேறானது. இரண்டு பேரும் ஒரு அடி நகர்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊர்ப் பேச்சுகளை இலக்கியம் பதிவுசெய்வதற்கும் நாளாயிற்று. மலையாளத்தில் பள்ளிப்படிப்பு முடித்த தோப்பில் முகமது மீரான், தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்களின் பேச்சை அப்படியே எழுத்தில் கொண்டுவந்தார். 1988இல் அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வந்தபோது பல தமிழ் வாசகர்கள் அந்தத் தமிழை முதன்முதலாகக் கேட்டார்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு அகராதியே தொகுத்தார். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. பேசும் தமிழின் உயிரை எழுத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். ஊர்ப் பேச்சு அச்சில் வந்தபோதுதான் அதைப் பேசியவர்கள் சிலருக்குக் கூச்சம் விட்டது.

கடையநல்லூரின் கதையில் பாதி சிங்கப்பூரில் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். மற்ற ஊர்களிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியே போய்வந்த ஆண்கள். இவர்கள் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆண்கள் துறைமுகத்தில் வேலை பார்த்தார்கள்; தஞ்சோங் பகார் பகுதியில் குடியிருப்பு. பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். வாங்க வந்தவர்களில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் உண்டு. சந்தையின் பொதுமொழி சந்தை மலாய். நெசவுத் தெருவைத் தாண்டாமல் வளர்ந்த பெண்கள், அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தபடி இன்னொரு மொழியில் விலை பேசக் கற்றார்கள். ஜைல்ஸின் கோட்பாடு எழுதப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அதை வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்.

குடும்பத்தோடு போனதால் வீட்டுப் பேச்சும் கூடவே போனது. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. அந்த அமைப்பு 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தது. பின்னர் உயர்நிலை வகுப்புகளும் சேர்ந்து, சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக அது விளங்கியது. துறைமுகத் தொழிலாளர்களின் ஊர்ச் சங்கம் இப்படியொன்றை நடத்தியது என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. மாணவர் குறைந்து 1982இல் பள்ளி மூடப்பட்டது. 1983இல் அதே பெயரில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

அந்தப் பள்ளியிலும் தெருவிலும் பிள்ளைகள் என்ன தமிழ் பேசியிருப்பார்கள்? தஞ்சாவூர், இராமநாதபுரம், திருநெல்வேலி, யாழ்ப்பாணம் என்று பல வழக்குகள் ஒரே தெருவில் கலந்தால், பிள்ளைகள் பெற்றோரின் வழக்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கூர்முனைகளைத் தேய்த்துப் பொதுவான ஒன்றை உண்டாக்குகிறார்கள். 1967இல் உருவாக்கப்பட்ட மில்டன் கீன்ஸ் என்ற ஆங்கிலப் புது நகரத்தில் பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் இருவரும் நான்கு, எட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பேச்சை ஒப்பிட்டார்கள். நான்கு வயதில் பெற்றோரின் சாயல் இருந்தது. மூத்த பிள்ளைகளிடம் அது விலகி, தோழர்களின் பேச்சு நிலைபெற்றிருந்தது. சிங்கப்பூர்த் தமிழிலும் இப்படித்தான் 'கம்பம்' போன்ற மலாய்ச் சொற்களும் பொதுவான வினைமுற்றுகளும் நிலைத்தன; 'பசியாறியாச்சா' என்ற விசாரிப்பு மதம் கடந்து எல்லார் வாயிலும் வந்தது. ஒரு சின்ன ஒற்றுமையும் உண்டு. நெல்லைச் சீமையில் 'சொன்னேன்லா', 'வந்தான்லா' என்று வாக்கியம் முடியும். 'அல்லவா' தேய்ந்த லா அது. சிங்கப்பூர் ஆங்கிலத்திலும் மலாயிலும் வாக்கியத்தின் முடிவில் வேறொரு 'லா' உண்டு. இரண்டுக்கும் உறவில்லை. ஆனாலும் கடையநல்லூரிலிருந்து போனவர் 'லா' என்று முடித்தபோது, கேட்ட சிங்கப்பூர்க்காரருக்கு அது அந்நியமாக ஒலித்திருக்காது.

ஒத்துப்போவது இன்று அங்கே இன்னொரு மொழியை நோக்கி நடக்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. பிள்ளைகளின் கூட்டம் ஆங்கிலம் பேசுகிறது, அவர்களும் பேசுகிறார்கள். பள்ளியில் எழுத்துத் தமிழை மட்டும் சொல்லிக்கொடுத்தால், வீட்டிலும் விளையாட்டிலும் பேச முடியாத ஒரு தமிழே பிள்ளைக்கு மிஞ்சும் என்று ஹெரால்டு ஷிஃப்மன் வாதிட்டார். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் பரிந்துரைக்குப் பின் வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கிடைத்தது. மிக நல்ல முடிவு அது. ஆனால் அந்தப் பேச்சுத் தமிழ் பொதுப் பேச்சுத் தமிழ். கடையநல்லூர்ப் பாட்டியின் பேத்தி அங்கே கற்பது 'சொல்றேன்', 'படிக்கறேன்'. பாட்டியின் வினைமுற்றுகளைக் கற்க அவளுக்குப் பாட்டியையும் ஊர்ப்பிள்ளைகளையும் விட்டால் வேறு வகுப்பு இல்லை.

சிங்கப்பூரில் நவம்பர் பின்பகுதியும் டிசம்பரும் பள்ளி விடுமுறை. குடும்பங்கள் ஊருக்கு வந்துபோகும் காலம் அது. சேம்பர்ஸின் வயதுக் கணக்கு புது நாட்டிலேயே குடியிருந்த பிள்ளைகளைப் பற்றியது. சில வார வருகைக்கு அவ்வளவு பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர் கண்ட வயது வரிசை இங்கும் உதவும். பெரியம்மா, சித்தப்பா பிள்ளைகளோடு தெருவில் விளையாட ஐந்து வயதிலிருந்தே ஒவ்வோர் ஆண்டும் வந்துபோகிற பிள்ளைக்கு ஒலியும் ராகமும் சேர்ந்து வர வழியுண்டு. பதினாலு வயதில் முதன்முறையாக வருகிறவருக்குச் சொற்கள் வரும்; மற்றவை வருவது அரிது. பிள்ளை கொஞ்சம் வளரட்டும், விவரம் தெரிந்த பிறகு கூட்டிவருகிறோம் என்று பயணத்தைத் தள்ளிவைக்கும் பெற்றோரிடம் நான் சொல்வது: பிள்ளையை இப்போதே கூட்டி வாருங்கள், தெருவில் விளையாட விடுங்கள், அதன் தமிழை யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.